எட்டாவது ஆள்: மறையூரில் வடம் பிடித்த ஞாயிறு

ஓணம் முடிந்த அடுத்த ஞாயிறு மறையூர் போனோம். சந்தன மரம் பார்க்கவோ, வெல்ல உருண்டை வாங்கவோ போகவில்லை, வடம் இழுக்கப் போனோம். ஓணம் வந்தால் கேரளத்தில் ஊருக்கு ஊர் கிளப்புகள் இந்தப் போட்டியை நடத்தும். ஒரு தடித்த கயிறு, இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர், ஜெயித்தால் ஒரு பெரிய வாழைக்குலை. பெண்களுக்கான போட்டி அபூர்வம். மறையூர் பக்கம் ஒரு கிளப்பில் இந்த வருடம் பெண்களுக்கும் நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்துவிட்டோம். பாலக்காட்டிலிருந்து மறையூருக்குப் பஸ்ஸில் எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வழி, நேரம், செலவு எல்லாம் சொல்கிறேன். நடுவில் என் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பூங்கொடி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் மூட்டை எடை போடும் வேலை, பதினோரு வருடமாக. செல்வராணி என் துணை. ஐந்து வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. அணியில் மற்ற ஆறு பேரும் எங்களைப் போலத்தான், பெண்ணை நேசிக்கிற பெண்கள். மூன்று பேர் பொள்ளாச்சி, இரண்டு பேர் உடுமலை, ஒருத்தி வண்டன்மேடு. மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் கூடுவோம். முதல் ஒரு வருடம் கூடி என்ன செய்தோம் தெரியுமா? அழுதோம். ஒருத்திக்கு வீட்டில் அடி, ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அழுது முடித்து, பிரியாணி சாப்பிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பாத்திரம் கழுவுகிற எனக்கு அலுத்துப்போய்விட்டது.

அப்போதுதான் வண்டன்மேட்டு ரோஸி ஒரு நாள் பையில் கயிற்றோடு வந்தாள். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் வடம் இழுத்தவள். "அழுத வரைக்கும் போதும், எந்திரிங்க" என்று எங்களை மில்லுக்குப் பின்னாலிருக்கிற களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் சொன்னதுதான் இன்றுவரை எங்களுக்குப் பாடம். "இழுக்கணும்னு நெனைக்காதீக. விட்டுக் குடுக்காம நின்னாப் போதும். அவுகளே சளைச்சுப்போவாக." இரண்டு வருடமாக மாதம் ஒரு ஞாயிறு அழுகைக்குப் பதில் வடம். பிரியாணி மட்டும் மாறவில்லை.

செல்வராணி வடம் பிடித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பயிற்சியில் ஆள் குறைந்தால் நிற்பாள், நன்றாகவே நிற்பாள். ஆனால் போட்டிக்கு வரமாட்டாள். அவள் ஊர் மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். லயத்தில், அதாவது எஸ்டேட்காரர்கள் தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்கப் போனவள். எங்கள் விஷயம் தெரிந்ததும் அவள் அண்ணன் முருகேசன் போனைப் பிடுங்கிக்கொண்டு பத்தொன்பது நாள் அறையில் வைத்துப் பூட்டினார். இருபதாவது நாள் விடியலில் பூட்டு திறந்திருந்த நேரம் பார்த்துத் தப்பி, கேரட் ஏற்றிய வேனில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உடுமலை வந்து சேர்ந்தாள். வேன்காரர் போனிலிருந்து கூப்பிட்டிருந்தாள், பஸ் ஸ்டாண்டில் நான்தான் காத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அண்ணன் என் நம்பருக்குப் போன் செய்து அவளிடம் சொன்னார். "இனி இந்த மலையில நீ கால் வைக்கக் கூடாது." அவ்வளவுதான். ஐந்து வருடம் அவள் வைக்கவில்லை.

மறையூர் என்றதும் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவளேதான் போங்கள் என்றாள். நோட்டீஸில் எட்டுப் பெயர் கேட்டிருந்தார்கள், ஏழு பேர் ஆட, ஒருவர் மாற்று ஆள். "எட்டாவதா என் பேரை எழுதிக்க. பேருக்குத்தான். நான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இருப்பேன், நீங்க ஆடிட்டு வாங்க. சாயந்தர பஸ்ஸுக்குத் திரும்பிரணும், ராத்தங்க மாட்டேன்." இதுதான் ஒப்பந்தம்.

இனி வழி. காலை 5.10-க்கு வீட்டிலிருந்து ஆட்டோ, கோபாலபுரம் வரை 250 ரூபாய். அங்கே எல்லை தாண்டினால் தமிழ்நாட்டு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ராஜமரியாதை. 6.35-க்குப் பொள்ளாச்சி. பொள்ளாச்சிக்காரர்கள் மூவரும் பஸ் ஸ்டாண்டில் தயாராக நின்றார்கள், ஆளுக்கு ஒரு பொட்டலம் இட்லியோடு. அவர்களில் லதாவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவாள். 7 மணி பஸ்ஸில் ஏறி 7.50-க்கு உடுமலை. அங்கே மற்ற இருவர். மறையூர் பஸ் 8.15-க்கு, எங்களுக்கு ஆள் ஒன்றுக்கு 58 ரூபாய் ஆனது. உடுமலையிலிருந்து மறையூர் சுமார் 42 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ரோஸி மூணாறு வழியாக நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள்.

சின்னாறு செக்போஸ்ட் தாண்டினால் காடு. முள் மரங்கள், சாம்பல் பாறைகள், திடீரென்று ரோட்டோரத்தில் புள்ளிமான் கூட்டம். கேரளம் என்றால் எப்போதும் மழை என்று நினைத்திருப்பவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். இது மழை மறைவுப் பக்கம், வெயில் கொளுத்தும். போகும்போது இடது பக்க ஜன்னல்தான் நல்லது, ஆறும் தூவானம் அருவியும் அந்தப் பக்கம்தான். எங்களுக்கு இடது பக்கம் கிடைத்தும் செல்வராணி ஜன்னலோரம் உட்காரவில்லை. என்னை அங்கே தள்ளிவிட்டு உள்பக்கம் உட்கார்ந்து, தலையைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டாள். கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுவார்களே, அந்தத் துண்டு. வெளியே பார்க்காமலேயே ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அந்த ரோடு அவளுக்கு அவ்வளவு பழக்கம்.

10.05-க்கு மறையூர். பேசியபடி செல்வராணியை டீக்கடையில் பின்பக்க பெஞ்சில் உட்கார வைத்தோம். ரோஸி வந்து சேர்ந்தாள். மைதானம் நான்கு கிலோமீட்டர். ஜீப்புக்கு 300 ரூபாய் கேட்டார்கள்.

"ஏனுங்க, நாலு கிலோமீட்டருக்கு முந்நூறுங்களா? அந்தக் காசுக்கு நாங்க பொள்ளாச்சிக்கே போயிருவமுங்க" என்றேன்.

டிரைவர் எங்கள் ஏழு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, உங்க டீமைப் பாத்தா என் வண்டி ஸ்பிரிங் போயிரும் போலிருக்கே. அதுக்கும் சேத்துத்தான்." பேரத்தை விட்டுவிட்டு ஏறினேன். அந்த மனிதரின் கண்தான் சரியான தராசு என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது.

மைதானத்தில் எடை போட்டுத்தான் ஆட விடுவார்கள். பெண்கள் அணிக்கு ஏழு பேரும் சேர்ந்து 430 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எங்களுக்குக் கவலையே இல்லை. முந்தின ஞாயிறுதான் எங்கள் மில்லில் ஏழு பேரையும் நானே நிற்க வைத்து எடை போட்டிருந்தேன். 429.3. கச்சிதம். இங்கே வெல்ல மூட்டை போடுகிற தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கிளப் செயலாளர், கண்ணாடி போட்ட பெரியவர், ஒவ்வொருவராக ஏற்றி எழுதிக் கூட்டினார். இன்னொரு தரம் கூட்டினார்.

"நானூத்தி முப்பத்திமூணரை. மூணரைக் கிலோ கூடுதல் கேட்டோ."

"உங்க தராசு தப்புங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "நான் பதினோரு வருசமா எடை போடறவ. என்ற தராசுல நானூத்தி இருபத்தொம்பது."

பெரியவர் கோபப்படவில்லை. ஐந்து கிலோ படிக்கல்லை எடுத்து வைத்தார். முள் சரியாக ஐந்தில் நின்றது. அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எங்கள் மில் தராசு சாக்கு எடையைக் கழித்துக் காட்டும்படி வைத்தது. மூட்டைக்கு அறுநூறு கிராம் சாக்கு. பதினோரு வருடமாக அதில் வெறும் அரிசி எடையைப் பார்த்துப் பார்த்து, சாக்கு என்ற ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது. ஏழு பெண்களையும் சாக்கில் கட்டின அரிசியாக நினைத்துத் தலைக்கு அறுநூறு கிராம் கழித்து எடை போட்டிருக்கிறேன். ஏழு அறுநூறு நாலாயிரத்து இருநூறு. 429.3-ஓடு அதைக் கூட்டினால் பெரியவரின் 433.5, ஒரு கிராம் பிசகில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும் லதா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ரோஸி சிரிக்கவில்லை. "ஓடி எறக்குற எடையா இது. ஆளை மாத்துனாத்தான் உண்டு" என்றாள். வெளியாளை எடுக்கலாமா என்று கேட்டேன். பெரியவர் பட்டியலை என் பக்கம் திருப்பி எட்டாவது பெயரில் விரலை வைத்தார். "லிஸ்ட்ல உள்ள ஆளை மாத்திக்கலாம். வேற ஆளு பறையவே வேண்டா. பன்னிரண்டரைக்குள்ள வரணும்." லதா 62 கிலோ. செல்வராணி 57. கணக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆட வந்திருக்கிற மற்ற அணிகளின் பெயர் பலகையில் இருந்தது. மொத்தம் நான்கே அணிகள். மூன்றாவது, செல்வராணியின் எஸ்டேட்.

ஆட்டோ பிடித்து டீக்கடைக்குப் போனேன். அவள் அதே பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாக்கு விஷயம், எடை விஷயம், எஸ்டேட் அணி வந்திருக்கிற விஷயம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "ஒண்ணும் வேண்டாம் அம்மிணி. ஒரு மணிக்கு உடுமலை பஸ் இருக்குது. எல்லாருமே போயிரலாம். என்ற புத்தியச் செருப்பால அடிக்கோணும்" என்றேன்.

அவள் சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினாள். அப்புறம் கேட்டாள். "அண்ணன் வந்திருக்கானா?"

"பாக்கல. ஆனா எஸ்டேட் ஜீப்பு நிக்குது."

"அப்ப வந்திருப்பான். அவன்தான் ஓட்டுவான்." கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "பூங்கொடி, இந்த மலையில கால் வைக்காதன்னு ஒரு தடவைதான் சொன்னான். ஒரே ஒரு தடவை, அதும் போன்ல. அஞ்சு வருசமா அதை தெனமும் எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தது நான்தான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

"அழாதட்டி, எடை கொறையப்போகுது" என்றாள். "டீயக் குடிச்சிட்டு வாரேன். காசு குடுத்தாச்சில்ல."

வடம் இழுக்கிறதில் வெளியாட்களுக்குப் புரியாத விஷயம், எங்கே யார் நிற்கிறார்கள் என்பது. கடைசியில் கனமான ஆள், வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கும். அது நான், 71 கிலோ, சாக்கு கழிக்காமல். முன்னால் நிற்கிறவருக்கு எதிரணியின் முகம் நாலு எட்டில் இருக்கும். லதாவின் இடம் நடுவில். அதில் செல்வராணி மறைந்து நிற்கலாம் என்றுதான் ரோஸியும் நானும் நினைத்தோம். அவள் நேராகப் போய் முன்னால் நின்றாள். "கொழுந்துக்காரி காலு சரிவுல நின்ன காலு. முன்னாடி நான் நிக்கேன்" என்றாள். துண்டு மட்டும் தலையில் அப்படியே இருந்தது.

முதல் ஆட்டம் காந்தளூர் அணியோடு. மூன்றில் இரண்டு இழுப்பு ஜெயித்தால் போதும், நாங்கள் முதல் இரண்டிலேயே முடித்துவிட்டோம், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு ஆட்டத்தில் எஸ்டேட் அணி ஜெயித்தது. அப்போதே தெரிந்துவிட்டது, இறுதி ஆட்டம் யாரோடு என்று.

மாலை 3.40. மைக்கில் இரண்டு அணியின் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். செல்வராணி என்ற பெயர் வந்ததும் எஸ்டேட் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் பக்கம் முன்னால் நின்றது புஷ்பம், லயத்தில் செல்வராணியின் பக்கத்து வீடு. அந்தப் பத்தொன்பது நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர். செல்வராணி துண்டை அவிழ்த்தாள். மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். கடைசியில் நின்ற எனக்கு அவள் முகம் தெரியவில்லை, பின்னலும் கழுத்தும்தான் தெரிந்தன. ஆனால் புஷ்பத்தின் முகம் தெரிந்தது. வாய் திறந்தது, மூடியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முருகேசன் வந்தார். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் இன்னும் ஒல்லி. எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"ஏட்டி. வடத்தைப் போட்டுட்டு வெளிய வா."

வடத்தை உதறிவிட்டு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் குரல் கேட்டது, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்கிற அதே குரல்.

"விட்டா ஃபவுலுண்ணே. ஆட்டம் முடியட்டும், வாரேன்."

நடுவர் விசில் ஊதினார். "சேட்டா, லைனுக்கு வெளிய நிக்கணும். உள்ள ஆளு கேறக் கூடாது." முருகேசன் கீழே பார்த்தார். சுண்ணாம்புக் கோடு அவர் செருப்புக்குப் பின்னால் இருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு பின்னால் வைத்து வெளியே போய் நின்றார்.

முதல் இழுப்பில் தோற்றோம். என்னால்தான். நான் எதிரணியைப் பார்க்காமல் முருகேசனையே முறைத்துக்கொண்டிருந்தேன், கால் சறுக்கியது, பதினைந்து விநாடியில் கதை முடிந்தது. ரோஸி என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. செல்வராணி மட்டும் திரும்பிப் பார்த்து, "அவனை நான் பாத்துக்கிடுவேன். நீ வடத்தைப் பாரு" என்றாள்.

இரண்டாவது இழுப்பு எங்களுக்கு. அதில் நான் யாரையும் பார்க்கவில்லை.

மூன்றாவதற்குப் பக்கம் தேர்ந்தெடுக்க நாணயம் சுண்டினார்கள். எங்களுக்கு விழுந்தது. ரோஸி யோசிப்பதற்குள் செல்வராணி சொன்னாள். "ஆத்துப் பக்கம்." மேடைப் பக்கம் மண் காய்ந்து இறுகி, பார்க்க அதுதான் நன்றாக இருந்தது. ரோஸி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நான் ஏழாங் கிளாஸ்ல இருந்து கபடி ஆடுன எடம் இது. மேடைப் பக்கம் மேல காஞ்சிருக்கும், மிதிச்சா உள்ள சேறு. ஆத்துப் பக்கம் கல்லு கலந்த மண்ணு, குதிகால் உக்காரும்" என்றாள். ரோஸி ஆத்துப் பக்கம் நடந்தாள். வடம் வழுக்காமலிருக்கக் கையிலும் சட்டையிலும் குங்கிலியப் பொடியைத் தேய்த்துக்கொண்டு நின்றோம்.

விசில். இரண்டு அணியும் பின்னால் சாய்ந்தோம். வடம் அசையவில்லை. கொழுந்துக் கூடை சுமக்கிற பெண்கள் அவர்கள், லேசில் நகர்கிறவர்கள் இல்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம். மைக்கில் மலையாளத்தில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு முன்னாலிருந்து ஒரே ஒரு குரல்தான் வந்தது. "பிடி. பிடி. இருக்கட்டும். பிடி." அவசரமே இல்லாமல் சொன்னாள். ஒன்றரை நிமிடத்தில் அவர்கள் ஒரு முழம் இழுத்தார்கள். என் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. "இருக்கட்டும். குடுத்தது போதும். பிடி." குதிகால் கல்லில் உட்கார்ந்தது. அந்த முழத்துக்குமேல் ஒரு விரல்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு நிமிடம் தாண்டியதும் எதிர்ப்பக்கம் நடுவில் ஒரு பெண்ணின் கால் சேற்றில் புதைந்தது. வடத்தில் ஒரு சின்ன நடுக்கம் வந்தது. அதை எங்கள் எல்லாரையும்விட முன்னால் உணர்ந்தவள் அவள்தான். "இப்ப" என்றாள். பின்னால் ஒரு எட்டு. "இப்ப." இன்னொரு எட்டு. மூன்றாவது எட்டில் வடம் மொத்தமாக எங்கள் பக்கம் வந்தது, நான் மல்லாந்து விழுந்தேன், எனக்கு மேலே ஆறு பேர். அந்தக் குவியலின் உச்சியில் விழுந்து கிடந்தவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் அவளுடைய எத்தனையோ சிரிப்பைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஊருக்கே கேட்கச் சிரித்துக் கேட்டதில்லை. நான் அழுதேன். முகமெல்லாம் குங்கிலியம், துடைக்கவும் முடியவில்லை.

கை கொடுக்க எஸ்டேட் அணி வரிசையாக வந்தது. புஷ்பம் மேல் எனக்கு ஐந்து வருடக் கோபம், முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் இருந்தேன். அவர் செல்வராணியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். "பாவம்னு விட்டுக் குடுக்கலட்டி. முழு பலத்தோடதான் இழுத்தோம்" என்றார்.

"தெரியும் மதினி. கை எரியுது பாருங்க" என்று செல்வராணி உள்ளங்கையைக் காட்டினாள். இருவர் கையும் ஒரே மாதிரி சிவந்திருந்தது. புஷ்பம் அழுதுகொண்டே ஊதிவிட்டார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பரிசு 5001 ரூபாய், ஒரு கோப்பை, ஒரு நேந்திரன் வாழைக்குலை. குலையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டு இறங்கியதும் செல்வராணி அதிலிருந்து ஒரு சீப்பை அறுத்தாள். கோட்டுக்கு வெளியே அதே இடத்தில் நின்றுகொண்டிருந்த அண்ணனிடம் போனாள். நான் கூடவே போனேன், இந்த முறை வாயை மூடிக்கொண்டு.

"வாரேன்னு சொன்னேன்ல, வந்திட்டேன்" என்றாள். "இதை அம்மாட்ட குடு. நான் ஜெயிச்சதுன்னு சொல்லு."

முருகேசன் வாங்கவில்லை. "உனக்கு வெக்கமா இல்லையா?" என்றார். குரலில் முன்பிருந்த அதட்டல் இல்லை.

"இருந்திச்சு. அஞ்சு வருசம் இருந்திச்சு, அலுத்துப்போச்சு." சீப்பை அவர் கையில் வைத்தாள். "நாளைக்குக் காலைல எட்டு மணி பஸ்ஸு. அம்மாவுக்கு என்னைப் பாக்கணும்னா பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டியா. லயத்துக்கு நான் வர மாட்டேன். அந்த ரூமை நான் இன்னொரு தடவை பாக்க வேண்டாம். இவ என்கூட நிப்பா, அதும் தெரிஞ்சுக்க." பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி நடந்தாள்.

நாளைக்குக் காலை என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, சாயந்தர பஸ்ஸை ரத்து செய்துவிட்டாள் என்று. அவசரத்துக்குக் கிடைத்த ஹோம்ஸ்டேயில் மூன்று அறை, தலா 1,200 ரூபாய். வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, வாழைக்குலையை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதுதான்.

திங்கள் காலை 7.20-க்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம். செல்வராணி டீக்கடையில் முன்பக்க பெஞ்சில் உட்கார்ந்தாள். 7.30. 7.40. ஆறு பேரும் ரோட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வரலைன்னா?" என்று கேட்டேன். "வரலைன்னா எட்டு மணி பஸ்ஸுக்குப் போவோம். அடுத்த ஓணத்துக்கு வருவோம்" என்றாள். சும்மா சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருந்தாள்.

7.46-க்கு எஸ்டேட் ஜீப் வந்தது. முருகேசன் இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே இருந்தார். அம்மா இறங்கினார். ஒயர் கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வந்து மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எழுதமாட்டேன், அது அவர்களுடையது. கடைசியில் அம்மா என்னைப் பார்த்தார். தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நீதான் பூங்கொடியா? இவ அங்க ஒழுங்கா சோறு திங்காளா?"

"திங்கறாங்கம்மா. ஐம்பத்தேழு கிலோ இருக்கறாங்க."

"சாக்கு கழிச்சா, கழிக்காமலா?" என்று செல்வராணி கேட்டாள். லதா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மகள் சிரிக்கிறாளே என்று அவரும் சிரித்தார். கூடையில் இருந்தது வீட்டில் அரைத்த மிளகாய்ப் பொடியும், ஐந்து வருடம் முன் அவள் விட்டுவிட்டு வந்த ஸ்வெட்டரும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூர் போய் வர, ஒரு இரவு தங்கி, சாப்பாட்டோடு எங்களுக்கு ஆள் ஒன்றுக்குச் சுமார் 1,250 ரூபாய் ஆனது. காட்டு ரோட்டில் இரவில் வண்டி விடமாட்டார்கள், கடைசி பஸ் நேரத்தை உடுமலையில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். வாழைக்குலையோடு சின்னாறு வழியாக வருவதாக இருந்தால் கோணியில் மூடிக் கட்டுங்கள். யானை இருக்கிறது என்று செக்போஸ்ட்காரர் எங்களைப் பிடித்துத் திட்டினார், திட்டிவிட்டு இரண்டு பழமும் வாங்கிக்கொண்டார். வடம் இழுக்கப் போகிறவர்கள் ஊரில் எடை போடும்போது தராசு எதற்கு வைத்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற பெண்கள் யாராவது இதைப் படித்தால், மாதம் ஒரு ஞாயிறு எங்கள் களம் காலியாகத்தான் இருக்கிறது, வடம் நீளமானது, இன்னும் ஆள் பிடிக்கும்.

போகும்போது இடது பக்க ஜன்னல் என்று சொன்னேன். திரும்பும்போது வலது பக்கம். அருவி அங்கிருந்து இன்னும் நன்றாகத் தெரியும் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. அந்த ஜன்னலில் தலையில் துண்டில்லாமல் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். சின்னாறு வரும்வரை நகரவே இல்லை.